எந்த அடைப்பு

எங்கள் வீட்டுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. துணிக்குப் போட்டால் சோப்பு நுரைக்காது. தலைக்கு ஊற்றினால் முடி துடைப்பமாக நிற்கும். வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். குடிக்க வேறு தண்ணீர் வாங்குகிறோம். மற்ற எல்லாவற்றுக்கும் பூமிக்கு அடியிலிருந்து மோட்டார் இழுத்துத் தருகிற இந்த உப்புத்தண்ணீர்தான். அது போகிற வழியெல்லாம் கல்லை விட்டுவிட்டுப் போகும். கழிவுநீர்க் குழாய்க்குள் உப்பு ஏடு ஏடாகப் படிந்து, சோப்பும் அழுக்கும் சேர்ந்து இறுகி, கை நுழைகிற குழாயில் கடைசியில் விரல்கூட நுழையாது.

சாக்கடையைப் பற்றி இவள் என்ன இவ்வளவு நீட்டி முழக்குகிறாள் என்று தோன்றினால் தோன்றட்டும். அந்தக் குழாயில் விழுந்த அடைப்பும் என் கொழுந்தன் நெஞ்சில் விழுந்த அடைப்பும் ஒரே வாரத்தில் வந்து, ஒன்றை இன்னொன்று என்று நாங்கள் நினைத்துத் தொலைத்தோம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

வீடு என் மாமனார் கட்டியது. அவர் போன பிறகு நடுவில் சுவர் எழுப்பி, முன்பாதி எங்களுக்கு, பின்பாதி கொழுந்தனுக்கு என்று ஆயிற்று. சுவரை மண்ணுக்கு மேலேதானே எழுப்ப முடியும்? கீழே போகிற குழாயை யாரும் பிரிக்கவில்லை. பின்வீட்டில் குளிக்கிற தண்ணீரும் துவைக்கிற தண்ணீரும் எங்கள் சமையலறைத் தரைக்கு அடியில் ஓடி, எங்கள் அடுப்படித் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு, வாசல் பக்கத்துச் சேம்பர் தொட்டியில் போய் விழும். காலையில் அடுப்பைப் பற்ற வைக்கும்போது காலுக்குக் கீழே சலசலவென்று சத்தம் கேட்டால் கொழுந்தன் குளிக்கிறார் என்று அர்த்தம். குளித்து முடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடத் தொடங்கும். அவர் டெய்லர். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் இவர் டிரைவர், அவர் டெய்லர், அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கும் வயதில் அதிக வித்தியாசம் கிடையாது. அதனால் தம்பி அண்ணனை "டேய் அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். மரியாதையும் மரியாதைக் குறைவும் ஒரே மூச்சில் வரும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

குழாய் சுத்தம் செய்யும் வேலையை அவர்களே செய்துகொண்டிருந்தார்கள். அது ஒரு கூத்து. தம்பி பின்னால் குளியலறைக் குழாய் வாயில் நிற்பார், அண்ணன் முன்னால் சேம்பரில் குனிந்திருப்பார். தம்பிக்கு எல்லாவற்றுக்கும் ஆசிட்தான். வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஊற்றுவார். உள்ளே சுர்ரென்று பொங்கும். அண்ணனுக்கு ஆசிட் என்ற பேச்சே ஆகாது. கம்பியை விட்டுக் குத்தித்தான் எடுக்க வேண்டும் என்பார்.

"உப்போட சேர்த்து இரும்பையும் தின்னுடும்டா அது."

"குத்திக் குத்தியே நீ ஓட்டை போட்டுடுவே, டேய் அண்ணா."

எல்லாம் முடிந்ததும் தம்பி அந்தப் பக்கம் தண்ணீரை ஊற்றிவிட்டு, "வருதா?" என்று கத்துவார். இவர் இங்கிருந்து, "வருது!" என்பார். குழாய் வழியாகவும் கேட்கும், சுவர் தாண்டியும் கேட்கும். தெருவே அறியும், டிரைவர் வீட்டில் குழாய் திறந்துவிட்டது என்று.

சண்டை வந்ததும் அதில்தான். ஒரு தடவை இவர், "வரல, வரல" என்று கத்தியிருக்கிறார். அவருக்கு அது "வருது, வருது" என்று கேட்டிருக்கிறது. மனுஷன் உற்சாகமாக வாளி வாளியாக ஊற்றித் தள்ளிவிட்டார். போக வழியில்லாத ஆசிட் தண்ணீர் என் சமையலறையில் பொங்கி, கீழே இருந்த மூட்டையெல்லாம் நாசம். இவர் போய்ச் சுவர் ஓரம் நின்று, "உனக்குக் காதுலயும் அடைப்பா? என் வீட்டை நாசம் பண்ணிட்டியேடா" என்றார். அவர், "உன் வீடா? அப்பா வீடு" என்றார். அப்புறம் எதை எதையோ பேசினார்கள். நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடாதுதான், ஆனால் சில வார்த்தைகளுக்கு வேகிறது. இனிமேல் என் பக்கம் காலை வைக்காதே என்று இவர் சொன்னதோடு பேச்சு நின்றது. அவர்கள் பேசாதபோது நாங்கள் மட்டும் என்ன பேசுவது என்று நானும் கொழுந்தன் மனைவியான என் ஓரகத்தியும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். வீட்டுக்கு வீடு வாசற்படி. எங்கள் வாசற்படி கொஞ்சம் உயரமாகப் போய்விட்டது.

இரண்டு மழைக்காலம் போயிற்று. தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் செருப்பைப் பார்ப்பார், ஒருத்தர் வானத்தைப் பார்ப்பார். இவர் சட்டை தைக்க வேறு ஒருவனிடம் போனார். அவன் தைத்த சட்டையில் கையைத் தூக்கினால் அக்குள் பிடிக்கும். பிடிக்கிறது என்று ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. ரோஷக்காரர், கையைத் தூக்குவதையே விட்டுவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் என் சமையலறைத் தண்ணீர் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கத் தொடங்கியது. ஊற்றினால் கொஞ்ச நேரம் யோசிக்கும், பிறகு கொளகொளவென்று திருப்பிக் கக்கும். குழாய்க்காரரைக் கூப்பிட்டோம். நீளமான ஸ்பிரிங் கம்பியைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வருவதால் அவருக்கு ஸ்பிரிங் என்றே பெயர். நல்ல மனிதர். வேலையில் பொய் கிடையாது. ஆனால் தொழிலில் வேறு யாரையாவது புகழ்ந்துவிட்டால் போதும், மூஞ்சி தூக்கிக்கொள்வார். அப்போது ஊருக்குள் ஒரு கம்பெனி புதிதாக வந்திருந்தது. குழாய்க்குள் ஒயரோடு கேமராவை விட்டு, எங்கே அடைப்பு என்று டிவியில் காட்டுகிற கம்பெனி. அதன் வண்டியைத் தெருவில் பார்த்தாலே ஸ்பிரிங்குக்கு வயிறு எரியும்.

ஸ்பிரிங் எங்கள் பக்கம் கம்பியை விட்டுப் பார்த்துவிட்டு, பின்பக்கமும் பார்க்க வேண்டும் என்றார். பார்த்துக்கொள் என்று இவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கே நடந்ததை நான் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். இருந்தாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொழுந்தன் உள்ளே படுத்திருந்தார். முதல்நாள்தான் ஆஸ்பத்திரியில் அவர் கை நரம்பு வழியாக ஒயர் விட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். என் ஓரகத்தி ஸ்பிரிங்கைப் பார்த்ததும் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய், உள்ளே படுத்திருக்கிறவர் காதில் விழக்கூடாதே என்று தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கிறாள்:

"அண்ணே, அடைப்பு ரொம்ப இருக்காம். ஒயர் விட்டுப் படம் எடுத்துப் பார்த்துட்டாங்க. மூணு இடத்துல இருக்கு. திறந்துதான் எடுக்கணுமாம், வேற வழியே இல்லைன்னுட்டாங்க. மாமாகிட்ட சொல்லுங்க. ஒரு எட்டு வந்து இவரைப் பார்க்கச் சொல்லுங்க. இவரா கூப்பிட மாட்டாரு."

அவள் நெஞ்சு என்று சொல்லவில்லை. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு யார்தான் அந்த வார்த்தையைச் சொல்வார்கள்? அடைப்பு என்றாலே அவளுக்கு அந்த வாரம் ஒரே அடைப்புதான். கையில் கம்பியோடு நிற்கிறவருக்கும் ஒரே அடைப்புதான், அது வேறு. ஒயர், படம் என்று காதில் விழுந்ததும் ஸ்பிரிங்குக்கு முகம் சுண்டிவிட்டது. கேமராக் கம்பெனியைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். யார் பார்த்தது, எப்போது பார்த்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ரோஷம் விட வேண்டுமே! சரி, சொல்கிறேன் என்று வந்துவிட்டார்.

வந்தவர் இவரிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"டிரைவர் சார், அங்க பெரிய ஆளுங்களைக் கூப்பிட்டுப் பார்த்துட்டாங்க. ஒயர் விட்டுப் படமெல்லாம் எடுத்திருக்காங்க. மூணு இடத்துல அடைப்பாம். திறந்துதான் எடுக்கணுமாம். நீங்க ஒரு எட்டு வந்து தம்பியைப் பார்க்கணுமாம்."

"எதுக்கு? என் தரையைத் தோண்ட என்கிட்டயே சம்மதம் வாங்கவா?"

"என்னமோ, சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டேன்."

"அவன் அடைப்பை அவனே பார்த்துக்கட்டும். நான் எதுக்கு வரணும்? அவனுக்குத்தான் ஆசிட்னா உயிராச்சே. ஒரு பாட்டில் ஊத்திக்கச் சொல்லு, எல்லாம் கரைஞ்சுடும்."

"அப்படியேவா சொல்றது?"

"அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை குறைக்காதே."

ஸ்பிரிங் போனார், அப்படியே சொன்னார். திரும்பி வந்து, "தங்கச்சி ஒண்ணும் பேசலை, கதவைச் சாத்திடுச்சு" என்று என்னிடம் சொன்னார். "கேமராக்காரனைக் கூட்டிட்டு வந்தது நமக்குத் தெரிஞ்சுபோச்சேன்னு வெட்கம், வேற என்ன?"

அன்று சாயங்காலம் மிஷின் சத்தம் கேட்கவில்லை. எனக்கு அது உறுத்தியது. இவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "நாளைக்கு நம்ம பக்கம் தரையைத் திறந்துடலாம்" என்றார்.

"என் தரையைத் தோண்டவான்னு கோபப்பட்டீங்களே?"

"உன் சமையலறைக்காகத்தான். இங்க எடுத்துட்டா அவன் பக்கமும் தானா இறங்கும், அதுக்கு நான் என்ன பண்றது?"

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். நான் சிரிப்பை மறைக்க உள்ளே போய்விட்டேன். எனக்குத் தெரியும் மனுஷன் கணக்கு. வேலை முடிந்தால் யாராவது அந்தப் பக்கமிருந்து தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். ஊற்றுகிறவர் "வருதா?" என்று கேட்டாக வேண்டும். கேட்டால் இவர் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

மறுநாள் காலையிலேயே வேலை தொடங்கியது. தரைக்கல்லைப் பெயர்த்து, மண்ணை அள்ளி, குழாயின் இணைப்பைக் கழற்றினார்கள். உள்ளே பார்த்தேன். பழுப்பும் வெள்ளையுமாக, ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையமாக உப்பு இறுகிப் போய், நடுவில் பென்சில் அளவுக்கு ஓட்டை இருந்தது. இத்தனை நாள் இரண்டு குடும்பத்துத் தண்ணீரும் அதற்குள்ளேதான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஸ்பிரிங் மரச்சுத்தியால் குழாயின் மேலே தட்டித் தட்டி உப்பை உதிர வைத்தார். தட்டை முனைக் கம்பியை விட்டு இவர் சுரண்டினார். என்னவோ பெரிய பதவி கொடுத்த மாதிரி, சம்பளத்துக்கு வந்தவரை ஓரம்கட்டிவிட்டு இவரே குனிந்து வேலை செய்தார். ஓடு ஓடாக வந்து விழுந்ததைச் சாக்கில் குவித்தார்கள். கை, முகம், புருவம் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகிவிட்டது. நடுவில் ஒரு தடவை, "இதுக்கு மேலயும் போகலைன்னா கொஞ்சம் ஆசிட் ஊத்தித்தான் பார்க்கணும்" என்று இவர் வாயாலேயே சொன்னார். சொல்லிவிட்டு நான் கேட்டேனா என்று திரும்பிப் பார்த்தார். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

குழாயைத் திரும்பப் பூட்டியதும் இவர் வாசலுக்குப் போய்ச் சேம்பர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "போய்த் தண்ணி ஊத்தச் சொல்லு" என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை.

நான் ஸ்டூலைப் போட்டுச் சுவர் ஓரம் ஏறினேன். இத்தனை நாள் கழித்து எப்படிக் கூப்பிடுவது? பொதுவாகக் காற்றைப் பார்த்து, "யாராவது குளியலறையில தண்ணி ஊத்துங்க, வருதான்னு பார்க்கணும்" என்றேன். பதில் இல்லை. பின்வாசலில் பூட்டுத் தொங்கியது. அடுத்த வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த டீச்சர் எட்டிப் பார்த்தாள்.

"அவங்க காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

"எதுக்கு?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? டெய்லருக்கு நெஞ்சுல மூணு இடத்துல அடைப்பு. இன்னைக்குத் திறந்து எடுக்கறாங்க. உங்க வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன்னு அவர் சம்சாரம் சொன்னாங்களே."

ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வாசலுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சொல்லும்போதே ஸ்பிரிங் கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டுவிட்டார்.

"அய்யய்யோ, அந்த அடைப்பா? ஒயர் விட்டுப் பார்த்தோம்னு தங்கச்சி சொன்னது..."

இவர் எழுந்து நின்றார். முகத்தில் உப்பு, கண் மட்டும்தான் கறுப்பு.

"நான் என்ன சொல்லி அனுப்பினேன்?" என்று கேட்டார்.

ஸ்பிரிங் கீழே விழுந்த கம்பியை எடுக்கக் குனிந்தார்.

"அதைச் சொல்லிட்டியா?"

"ஒரு வார்த்தை குறைக்காதேன்னீங்களே சார்" என்று ஸ்பிரிங் அழுதுவிட்டார்.

ஆட்டோவில் போனோம். வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டியவர், இன்னொருத்தன் ஓட்டும்போது சும்மா உட்காரமாட்டார், பிரேக்கைப் போடு, ஒதுங்கு என்று உயிரை வாங்குவார். அன்றைக்குக் கையிரண்டையும் தொடை மேல் விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தார். என் வேண்டுதல் எல்லாம் ஒன்றுதான். உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் ஒரே ஒரு நிமிஷம் கிடைக்க வேண்டும். நான் சொன்னது உன் நெஞ்சை இல்லைடா என்று ஒரு வார்த்தை அந்தக் காதில் விழுந்துவிட வேண்டும். அதற்கு மேல் ஆண்டவன் விட்ட வழி.

நிமிஷம் கிடைக்கவில்லை. நாங்கள் போனபோது கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெஞ்சில் என் ஓரகத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் கொழுந்தனின் கண்ணாடியும் சட்டையும் இருந்தன. இவரை ஏற இறங்கப் பார்த்தாள். வெள்ளை அப்பிய கை, வெள்ளை அப்பிய முகம்.

"வாங்க மாமா. ஆசிட் கொண்டு வந்திருக்கீங்களா?"

"குழாய்னு நினைச்சேம்மா. நம்ம குழாய். சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

நானும் சொன்னேன். ஸ்பிரிங் கேமராக் கம்பெனி என்று நினைத்ததை, இவர் காலையிலிருந்து குனிந்து சுரண்டியதை, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

"சரிக்கா, குழாய்னே இருக்கட்டும். வந்து பாருங்கன்னு சொல்லி அனுப்பினேன் இல்ல? குழாய்க்காகவாவது ஒரு எட்டு வந்திருக்கலாமில்ல? நடுவுல ஒரு சுவர்தானே இருக்கு?"

இவர் வெள்ளை அப்பிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது என்றார்கள். அடைப்பை எல்லாம் தாண்டி வேறு வழி போட்டாகிவிட்டது, இனிமேல் கண் விழிக்க வேண்டியதுதான் என்றார்கள். கண் விழிக்கவில்லை. உடம்பெல்லாம் குழாய் செருகி, மிஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொருத்தராக உள்ளே விட்டார்கள். இவர் முறை வரும்போதெல்லாம் ஓடிப்போய்த் தம்பி காதருகே குனிந்து, "டேய், குழாய்டா. நான் குழாயைத்தான்டா சொன்னேன். குழாய்டா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கிருந்த நர்ஸ் பெண்ணுக்குப் புரியவில்லை. பதறிப்போய் வந்து, செருகியிருந்த குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாக் குழாயும் சரியாத்தான் இருக்கு பெரியவரே, பயப்படாதீங்க" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இதைக் கேட்டால் கொழுந்தன் எப்படிச் சிரிப்பார் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் போய்விட்டார்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு வெறிச்சென்று ஆன பிறகு இவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. சாப்பாட்டைப் போட்டால் தட்டைப் பார்ப்பார். சமையலறையில் தரைக்கல் பெயர்த்தது பெயர்த்தபடியே கிடந்தது. ஸ்பிரிங் வந்து, "மூடிடட்டுமா சார்?" என்று கேட்டார். "இன்னும் தண்ணி ஊத்திப் பார்க்கலையே" என்றார் இவர். தரை திறந்து கிடந்ததால் இரண்டு வீட்டிலும் அந்தக் குழாயில் தண்ணீர் விடாமல் வெளியிலேயே புழங்கினோம். அப்புறம் ஸ்பிரிங் தினமும் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார். கேமராக் கம்பெனியைத் திட்டுவதைக்கூட விட்டுவிட்டார், பாவம்.

ஒரு நாள் காலை ஓரகத்தி வந்தாள். பின்வாசல் வழியாகத் தெருவைச் சுற்றி வந்து எங்கள் வாசலில் நின்றாள். சண்டைக்குப் பிறகு அவள் எங்கள் படியேறியது அன்றுதான். நான் உள்ளே வா என்று கையைப் பிடித்தேன். அவள் இவர் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம வெச்சிருக்கேன். அன்னைக்கு உங்க பதிலை இவர்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அவரே கேட்டுட்டாரு. ஸ்பிரிங் குரல் கேட்டுச்சே, அண்ணன் என்ன சொன்னான்னு விடாம கேட்டாரு. சொல்லிட்டேன். அழுதுடுவாரோன்னு பயந்தேன். சிரிச்சாரு மாமா."

இவர் நிமிர்ந்தார்.

"நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. 'ஆசிட்னா சொன்னான்? அப்ப அது குழாய்டி. அந்த மடையன்கிட்ட யாரோ குழாய் அடைப்புன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு நெஞ்சுல அடைப்புன்னு தெரிஞ்சிருந்தா சட்டைகூடப் போடாம ஓடி வந்திருப்பான்'ன்னாரு. இருங்க, நானே போய் விவரமா சொல்லிட்டு வரேன்னு எழுந்தேன். கையைப் பிடிச்சு உட்கார வெச்சுட்டாரு. 'வேண்டாம், பயந்து போயிடுவான். நான் நல்லபடியா திரும்பி வந்து சுவத்து மேல எட்டிப் பார்த்து, டேய் அண்ணா, எனக்கு ஆசிட் ஊத்தச் சொன்னியாமேன்னு கேக்கறேன். அவன் முழிக்கிற முழியை நான் பார்க்கணும். அவன்கூடப் பேச இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமாடி?'ன்னாரு. போகும்போதுகூட அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டேதான் உள்ள போனாரு."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"ஆஸ்பத்திரியில உங்களைப் பார்த்தப்பவே சொல்லியிருக்கணும். எனக்குக் கோபம். அவர் எழுந்து வந்து அவர் வாயாலேயே கேக்கட்டும்னும் இருந்துச்சு. அவர் ஆசையா வெச்சிருந்த சாக்கு, அதை நான் ஏன் கெடுக்கணும்னு நினைச்சேன் மாமா."

ஆஸ்பத்திரியிலும் அழாத மனுஷன், சுமக்கும்போதும் அழாத மனுஷன், அப்போது அழுதார். குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். தம்பி தன்னைத் தப்பாக நினைத்துக்கொண்டே போய்விட்டான் என்றுதான் இத்தனை நாள் கல்லாக இருந்தார். அவன் தப்பாக நினைக்கவே இல்லை என்றதும் தாங்க முடியவில்லை. எனக்கும்தான் தாங்கவில்லை. மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு அழுதோம்.

அழுகை ஓய்ந்ததும் அவள் எழுந்து சமையலறையை எட்டிப் பார்த்தாள். பெயர்த்துக் கிடந்த கல்லையும், மூலையில் சாக்கில் குவிந்திருந்த உப்பு ஓடுகளையும் பார்த்தாள். "எத்தனை நாளைக்குத்தான் இப்படிப் போட்டு வெப்பீங்க?" என்றாள். வந்த வழியே கிளம்பிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. இவர் அதைக் கேட்டார். மெதுவாக எழுந்து வாசலுக்குப் போய், சேம்பர் மூடியை நகர்த்தி, பழைய இடத்தில் குந்தி உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

ஒரு வாளி கொட்டியது. சமையலறைத் தரைக்கு அடியில் சலசலவென்று ஓடி வரும் சத்தம், எத்தனையோ நாளாக நான் கேட்காத சத்தம் கேட்டது. முதலில் உப்புத்தூள் கரைந்து பால் மாதிரி வெள்ளையாகத் தண்ணீர் வந்து விழுந்தது. இரண்டாவது வாளிக்குத் தெளிந்துவிட்டது. குழாய் வாய் நிறைய வந்தது.

"வருதா மாமா?" என்று அவள் குரல் வந்தது.

இவர் கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டார்.

"வருதா?"

"சொல்லுங்களேன்" என்று நான் தோளைத் தொட்டேன்.

இவர் சுவரைப் பார்க்கவில்லை. சேம்பருக்குள் குனிந்தார். தண்ணீர் கொட்டுகிற அந்தக் குழாயின் வாய்க்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார்.

"வருதுடா" என்றார்.